சீனக் கஷாயத்தை விட முதலில் அந்தப் பெயரில்லாத மாத்திரையைக் கவனியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கிறேன். அம்மாவுக்கு 67 வயது. சென்ற ஆண்டு அப்பா தவறியதிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. 52 கிலோவாக இருந்தவர் 47 கிலோவுக்கு இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் அவரைத் தமக்குப் பழக்கமான சிங்சேயிடம் (சீன மருத்துவரிடம்) அழைத்துச் சென்றார். அவர் கொடுத்த மூலிகைகளைக் காய்ச்சிக் குடித்ததில் சில வாரங்களில் தூக்கம் ஓரளவு தேறியது. இரண்டு மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவர் வெளியூரிலிருந்து சிறிய கறுப்பு உருண்டை மாத்திரைகளை, எந்த விவரமும் எழுதப்படாத ஒரு பிளாஸ்டிக் குப்பியில் வாங்கிவந்தார். 'சீன மருந்து, பக்கவிளைவே இல்லை' என்றார். அதைச் சாப்பிட்ட மூன்றாம் நாளே அம்மா இரண்டு தட்டுச் சோறு கேட்டார். இப்போது பகலிலும் அசந்து தூங்குகிறார், எடை கூடியிருக்கிறது, முகம் நன்றாகப் பூரித்திருக்கிறது. ஆனால் காலையில் (மில்லிமோல் கணக்கில்) 7க்குள் இருந்த சர்க்கரை அளவு இப்போது 11, 12 என்று காட்டுகிறது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் ஹைட்ரோகுளோரோதயசைடும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுத்துவருகிறார். சீன மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா? தொடரலாமா? சிங்சேயின் மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு என் பதிலும் வேறு வேறு. சிங்சே எழுதிக்கொடுத்த கஷாயத்தைப் பற்றி நிதானமாகப் பேசலாம், அதற்கு நேரம் இருக்கிறது. குப்பியில் வந்த மாத்திரைக்கு அந்த நேரம் இல்லை. எனவே அதையே முதலில் எழுதுகிறேன்.

மூலிகை எதுவும் மூன்று நாளில் இரண்டு தட்டுச் சோறு கேட்கவைப்பதில்லை. அந்த வேகத்தில் பசியைக் கிளப்பி, கூடவே பகலிலும் அசத்தித் தூங்கவைத்து, சில வாரங்களில் முகத்தை உருண்டையாக்கி, சர்க்கரையையும் ஏற்றிவிடும் ஒரு சேர்க்கையை மருந்தாளர்கள் நன்கு அறிவோம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சைப்ரோஹெப்டடின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தும் சேர்ந்தது அது. முன்னது பசியையும் ஒரு பொய்த் தெம்பையும் தரும். பின்னது பசியைத் தூண்டுவதோடு மயக்கமான தூக்கத்தையும் தரும். 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் உடல் தேற்றும் மாத்திரைகளில் இந்த இரண்டையும் ரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது; சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் இத்தகைய பொருள்களைக் குறித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. உங்கள் அம்மாவின் குப்பியில் இருப்பது இதுதான் என்று பரிசோதனை இல்லாமல் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கும் அந்தப் பூரித்த முகமும், கவலையோடு எழுதியிருக்கும் அந்தச் சர்க்கரை அளவும் ஒரே காரணத்திலிருந்து வந்திருக்கலாம் என்பதே என் வலுவான சந்தேகம்.

இதைப் படித்தவுடன் குப்பியைக் குப்பையில் போட்டுவிடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தங்கள் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு ஓய்ந்துவிடும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் உடலுக்கு அவசியமான கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இல்லாமல் போய், கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் விழுதல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இன்றோ நாளையோ, குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை வேளை, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். காலை நேரத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பது, தேவையானால் அளவு தெரிந்த ஸ்டீராய்டைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது என்று இதற்கு முறை இருக்கிறது. நான் மேலே சொன்ன வாந்தி, மயக்கம், குழப்பம் போன்ற அறிகுறிகள் இடையில் தென்பட்டால் மருந்தகத்துக்குக் காத்திருக்காமல் அவசர ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து மெட்ஃபார்மினை நீங்களே கூட்டிக்கொடுக்கவும் வேண்டாம். காரணம் அந்த மாத்திரையாக இருந்தால், அது குறையும்போது சர்க்கரையும் இறங்கும்.

இனி கஷாயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய சீட்டைச் சீன மருத்துவம் பயின்ற சக ஊழியர் ஒருவரிடம் காட்டிப் படித்துக்கொண்டேன். கிராம் அளவோடு ஒவ்வொரு சரக்கும் எழுதப்பட்டிருக்கிறது. இது ஓர் ஒழுங்கான சீட்டு. அதில் உள்ள டாங்ஷென், ஹுவாங்சி, பைஷு, டாங்குயி, உலர்ந்த லோங்கான் சதை, யுவான்ஜி, ஃபூஷென், ஸுவான்ஸாவ்ரென், முஷியாங், அதிமதுரம், இஞ்சி, சிவப்புப் பேரீச்சை என்று நாம் இங்கே சொல்லும் சீன இலந்தை ஆகியவை சேர்ந்தால் 'குயி பி தாங்' என்ற கஷாயம் கிடைக்கும். 13ஆம் நூற்றாண்டில் சொங் அரசமரபுக் காலத்து மருத்துவர் யான் யோங்ஹெ பதிவுசெய்த கஷாயம் இது. பின்னர் மிங் காலத்தில் ஷுவே ஜி என்ற மருத்துவர் டாங்குயியையும் யுவான்ஜியையும் இதில் சேர்த்தார்.

அந்த சிங்சே இதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு உதவும். சீன மருத்துவத்தில் தூக்கமின்மையும் பசியின்மையும் தனித்தனி நோய்களாகப் பார்க்கப்படுவதில்லை. உண்ட உணவைச் சத்தாக மாற்றும் பொறுப்பை அது மண்ணீரலுக்கும் வயிற்றுக்கும் கொடுக்கிறது. மனம் தங்கும் இடமாக இதயத்தைக் கருதுகிறது. நாம் உடற்கூற்றியலில் படிக்கும் உறுப்புகளோடு இவற்றை அப்படியே பொருத்தக் கூடாது, இவை செயல்களின் தொகுதிகள். ஓயாத யோசனையும் துயரமும் மண்ணீரலை வாட்டினால் பசி போகும், பசி போனால் இரத்தம் குறையும், இரத்தம் குறைந்தால் மனம் தங்க இடமின்றி அலைந்து தூக்கம் போகும் என்பது அவர்கள் கணக்கு. கணவரை இழந்து, சோறு இறங்காமல், இரவெல்லாம் விழித்திருக்கும் 67 வயதுப் பெண்மணியின் நிலைக்கு இந்தக் கஷாயத்தை எழுதியிருப்பது அந்த மருத்துவ முறைக்குள் மிகவும் பொருத்தமான முடிவு. 'வயிறு இணக்கமாக இல்லாவிட்டால் படுக்கையும் அமைதியாக இராது' என்ற பொருள்பட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற பழைய மருத்துவ நூலிலேயே ஒரு கூற்று இருக்கிறது. துக்கமும் மனச்சோர்வும் பசியையும் தூக்கத்தையும் ஒன்றாகவே பாதிக்கும் என்பதை நவீன மருத்துவமும் தன் வழியில் அறிந்தே வைத்திருக்கிறது.

வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சீட்டில் உள்ள சரக்குகளில் தூக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது ஸுவான்ஸாவ்ரென். நம் ஊர் இலந்தைக்கு நெருங்கிய உறவான முள் இலந்தையின் கொட்டைக்குள் இருக்கும் சிவந்த பழுப்பு நிற, பளபளப்பான, தட்டையான பருப்பு அது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் இந்தப் பருப்போடு ஃபூலிங், ஜிமு, சுவான்ஷியோங், அதிமதுரம் என்ற நான்கை மட்டும் சேர்த்து, களைத்துப்போய், உள்ளே படபடத்து, தூங்க முடியாமல் கிடப்பவர்களுக்கு ஒரு கஷாயத்தை எழுதிவைத்தார். முதலில் பருப்பைத் தனியாகக் கொதிக்கவைத்து, நீர் எட்டுப் பங்கிலிருந்து ஆறு பங்காக வற்றியபின் மற்றச் சரக்குகளைப் போட்டு, மூன்று பங்காகச் சுண்டவைத்து, மூன்று வேளையாகச் சூடாகக் குடிக்க வேண்டும் என்பது அவர் முறை. இன்றும் கடைகளில் இந்தப் பருப்பை நசுக்கிக் கொடுக்கிறார்கள். முழுதாகப் போட்டால் சாரம் சரியாக இறங்காது. அந்தக் கஷாயத்தின் பெயர் 'ஸுவான் ஸாவ் ரென் தாங்'. தேசிய மருத்துவக் காப்புறுதியே சீன மருந்துகளுக்கும் பணம் கொடுக்கும் தைவானில், தூக்கமின்மைக்கு மிக அதிகமாக எழுதப்படும் சீன மருந்துகளில் இதுவே முன்னணியில் நிற்கிறது.

அந்தப் பருப்பில் ஜுஜுபோசைடு, ஸ்பினோசின் என்ற பொருள்கள் இருக்கின்றன. இவை மூளையை அமைதிப்படுத்தும் இரசாயனப் பாதைகளில் செயல்பட்டுத் தூக்கத்தைக் கூட்டுவதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களில் நடந்த சோதனைகளிலும் தூக்கம் மேம்பட்டதாகப் பல முடிவுகள் வந்துள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. எந்த மருந்தைக் குடிக்கிறோம் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்தவை பல. எனவே அவற்றை வைத்து உறுதியான தீர்ப்பு எழுத முடியாது. பசிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான், ஆனால் அங்கே ஓர் ஆய்வுத் தொடர் சற்று முன்னேறியிருக்கிறது. உங்கள் அம்மாவின் சீட்டில் இருப்பதைப் போலவே பைஷு, அதிமதுரம், இஞ்சி, சீன இலந்தை ஆகியவற்றோடு ஜின்செங்கும் ஆரஞ்சு வகைப் பழத்தோலும் சேரும் 'லியு ஜுன் ஜி தாங்' என்ற கஷாயத்தை ஜப்பானியர்கள் 'ரிக்குன்ஷிதோ' என்ற பெயரில் தூளாகச் செய்து, காப்புறுதியின் கீழ் மருத்துவர்களே எழுதிக்கொடுக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 1999இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுநோய் மருந்தால் பசி இழந்த எலிகளில் ரிக்குன்ஷிதோ அந்தக் கிரெலினை மீட்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். வயிறு மந்தமாக இருக்கும் மனிதர்களிலும் ஓரளவு பலன் பதிவாகியிருக்கிறது.

ஆகவே உங்கள் அம்மாவுக்குச் சில வாரங்களில், மெல்ல மெல்ல, தூக்கம் தேறியது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஐயப்படவில்லை. கஷாயத்தின் பங்கு எவ்வளவு, வாரந்தோறும் ஒருவர் அவர் நாடியைப் பிடித்து 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டதன் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதைப் பிரித்தாக வேண்டிய அவசியமும் இப்போது உங்களுக்கு இல்லை. அந்த மெதுவான முன்னேற்றத்தையும், குப்பி மாத்திரையின் மூன்று நாள் அதிசயத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; எதை நம்பலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

கஷாயத்தைத் தொடரலாமா என்ற கேள்விக்கு, ஒரு திருத்தத்தோடு தொடரலாம் என்பதே என் பதில். திருத்தம் அதிமதுரத்தைப் பற்றியது. சீட்டில் அது 6 கிராம் என்று இருக்கிறது. சீன மருத்துவ முறைப்படி அது மற்றச் சரக்குகளை இணைத்துச் சமன் செய்கிறது. அளவும் வழக்கத்துக்கு மாறானது அல்ல. ஆனால் அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைத் தடுத்துவிடும். அதனால் உப்பும் நீரும் உடலில் தங்கி, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறி, இரத்த அழுத்தம் ஏறும். உங்கள் அம்மா எடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றும் மருந்துதான். இரண்டும் நாள்தோறும் சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கி, கால் தசைகள் தளர்ந்து, இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ஐரோப்பாவில் கிளிசிரைசினை நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் எடுக்காதிருப்பது நல்லது என்று அறிவுறுத்துகிறார்கள். சீன மருந்துத் தர நூல் ஏற்கும் குறைந்தபட்சச் சாரமான 2 விழுக்காட்டை வைத்துக் கணக்கிட்டாலே 6 கிராம் வேரில் 120 மில்லிகிராம் இருக்கும். முழுவதும் கஷாயத்தில் இறங்காது என்றாலும், இரத்த அழுத்த நோயாளிக்கு மாதக்கணக்கில் இதை நான் விடமாட்டேன்.

சிங்சேயிடம் அம்மாவின் மாத்திரைப் பட்டியலைக் கொடுத்து, அதிமதுரத்தைக் குறைக்கவோ எடுத்துவிடவோ முடியுமா என்று கேளுங்கள். முறையாகப் பயின்ற சிங்சே இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பலதுறை மருந்தகத்தில் பொட்டாசியத்தையும் சிறுநீரக, கல்லீரல் செயல்பாடுகளையும் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். சீன மருந்துக்கும் மேற்கத்திய மருந்துக்கும் இரண்டு மணிநேரம் இடைவெளி விட்டால் போதும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். வயிற்றில் ஒன்றோடொன்று கலப்பதை மட்டுமே அந்த இடைவெளி தடுக்கும், சிறுநீரகத்தில் நடப்பதை அது தடுக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: டாங்குயி, டான்ஷென் (சீட்டில் உள்ள டாங்ஷென் அல்ல, வேறு சரக்கு) போன்றவை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தின் வேலையைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கலாம். வார்ஃபரின் எடுப்பவர்கள் இந்தச் சீட்டைப் பார்த்து நகல் எடுத்துக் காய்ச்சக் கூடாது.

தூக்கத்துக்காகத் தரப்படும் சரக்குகளில் இன்னும் சிலவற்றையும் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் சீட்டு மாதத்துக்கு மாதம் மாறும். ஹெ ஷோ வு என்ற கிழங்கு கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. தூக்கத்துக்கு எழுதப்படும் 'யே ஜியாவ் தெங்' அதே செடியின் தண்டு. அது சேர்ந்தால் கல்லீரல் பரிசோதனையும் சேர வேண்டும். ஜூஷா எனப்படும் இங்குலிகம் பாதரசச் சேர்மம். பழைய தூக்க மாத்திரை முறைகளில் அது உண்டு. இன்று அதை யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். 1990களில் அமெரிக்காவில் 'ஜின் பு ஹுவான்' என்ற பெயரில் தூக்கத்துக்கும் வலிக்கும் விற்கப்பட்ட மாத்திரையைச் சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது. உறையில் ஒரு செடியின் பெயர் இருந்தது. உள்ளே இருந்ததோ வேறு வகைச் செடிகளிலிருந்து கிடைக்கும் டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற செறிவான மயக்கப் பொருள்.

சிங்கப்பூரில் இருப்பதில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் வாரியத்தில் பதிவுசெய்துகொண்டுதான் இங்கே தொழில் செய்ய வேண்டும். உங்கள் சிங்சேயின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். தயாரித்துப் பொட்டலமிட்டு விற்கப்படும் சீன மருந்துகளை 1999 முதல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்; இப்போது அதைச் சுகாதார அறிவியல் ஆணையம் கவனிக்கிறது. உறையில் பொருளின் பெயர், சரக்குகள், தொகுதி எண், காலாவதித் தேதி, இறக்குமதி செய்தவர் விவரம் எல்லாம் இருக்கும். உங்கள் உறவினர் வாங்கிவந்த குப்பியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் பார்த்தபின் அந்த மாத்திரைகளை ஆணையத்துக்குத் தெரிவிக்கும்படி அவரிடமே கேளுங்கள். உறவினர் இதே குப்பியை வேறு யாருக்கெல்லாம் கொடுத்தார் என்பதையும் விசாரியுங்கள். அவர் அன்பினால் செய்தது இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆகவே குற்றம் சொல்லாமல் கேட்டால் உண்மை வரும்.

கடைசியாக, கஷாயமோ மாத்திரையோ தொடாத ஒன்று மீதமிருக்கிறது. சில மாதங்களில் 5 கிலோ இறங்கியது அவருடைய எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்த வயதில் அதைத் துக்கத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. மாத்திரையால் எடை திரும்ப ஏறியிருப்பதால் இந்தக் கேள்வி மறைந்துபோயிருக்கிறது, அதுவே எனக்குக் கவலை. தைராய்டு, இரத்தசோகை, குடல் சார்ந்த பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மெட்ஃபார்மினே சிலருக்குப் பசியைக் குறைக்கும் என்பதையும் நினைவூட்டுங்கள். துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் சீக்கிரமே விழிப்பு வந்துவிடுவது, விருப்பமாகச் செய்த வேலைகளில் மனம் செல்லாதது, 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு ஆகியவை இருந்தால் அவற்றை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, மறைக்காமல் சொல்லுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக இன்று பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அல்ல, தூக்கப் பழக்கங்களையும் அதைப் பற்றிய பயத்தையும் சேர்த்து மாற்றும் நடத்தைச் சிகிச்சை. அதை எங்கே பெறலாம் என்று பலதுறை மருந்தகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போகும்போது மறவாமல் எடுத்துச்செல்ல வேண்டியவை: அந்தக் குப்பி, சிங்சேயின் சீட்டு, இப்போதைய மாத்திரைகள் எல்லாம், இரண்டு மாதச் சர்க்கரைக் குறிப்பேடு, முடிந்தால் அப்பா இருந்தபோது எடுத்த அம்மாவின் படம் ஒன்று. முகத்தின் மாற்றத்தை மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்.